ஹாலோ பிளாக் சுவரில் விரிசல்: கல்லில் குறையா, கட்டினதில் குறையா?

திருக்கோவிலூரான்

வணக்கம். ஊர்ல அப்பா அம்மாவுக்கு தரைத்தளம் மட்டும் ஒரு வீடு கட்டுறோம். ஆயிரம் சதுர அடிக்குள்ள. பில்லர், பிளிந்த் பீம் (தரை மட்டத்துல ஓடுற கான்கிரீட் பீம்) வரைக்கும் முடிஞ்சாச்சு, இனி சுவர் எழுப்பணும். 6 இஞ்ச் ஹாலோ பிளாக் (நடுவுல ஓட்டை உள்ள கான்கிரீட் கல்) போட்டா வேலையும் சீக்கிரம் முடியும், கலவையும் மிச்சம்னு கான்ட்ராக்டர் சொல்றார். அப்பாவுக்கு அதில் துளியும் சம்மதம் இல்லை. எங்க தெருவிலேயே பிளாக்கில் கட்டின ஒரு வீட்டில், ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி விரிசல் இறங்கியிருக்கு. அதைக் காட்டியே "செங்கல்தான்"னு பிடிவாதமா நிக்கிறார். ஆனா செங்கல் லோடு கிடைக்கிறதே குதிரைக்கொம்பா இருக்கு, வர்ற கல்லும் பாதி வேகாத கல்.

அந்த விரிசல் பிளாக்கோட குணமா, கட்டினவங்க விட்ட குறையா? விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கரண்டி

எங்க வீட்டில் மூணு தலைமுறையா கொத்துவேலை. அப்பா சொல்றதுதான் சரி தம்பி. 9 இஞ்ச் செங்கல் சுவர் நூறு சதுர அடி கட்டினா ஆயிரம் கல்லு கிட்ட வரும். ஒவ்வொரு கல்லுக்கும் நடுவுல கலவை இருக்கு. சுவர் லேசா அசைஞ்சாலும் அத்தனை இணைப்பும் அதைப் பங்கு போட்டுக்கும், வெளியில தெரியாது. பிளாக்குல அதே நூறு சதுர அடிக்கு 112 கல்லுதான். இழுக்கிற இழுவை எல்லாம் கொஞ்சம் இணைப்புல வந்து விழுது. ராத்திரியெல்லாம் தண்ணித் தொட்டியில ஊறப் போட்டு, கட்டின பிறகும் வேளை தவறாம தண்ணி காட்டினாலும் வெடிக்குது. நான் கண்ணால பார்த்ததைச் சொல்றேன்.

தளப்பொறியாளர்

கரண்டி அண்ணன் சொன்ன இணைப்புக் கணக்கு சரியானது. பெரிய கல் என்றால் இணைப்பு குறைவு, அசைவு அங்கேதான் தெரியும். ஆனால் அவர் கடைசியாகச் சொன்ன விஷயத்தில்தான் நோயே இருக்கிறது. தொட்டியில் ஊறப் போட்டதால்தான் அந்தச் சுவர்கள் வெடித்தன.

செங்கல் சூளையில் வெந்து வந்தது. அதன் சுருக்கமெல்லாம் நெருப்பிலேயே முடிந்துவிட்டது. தண்ணீரை வேகமாக உறிஞ்சும் என்பதால் நனைத்துக் கட்டுகிறோம், இல்லாவிட்டால் கலவையில் இருக்கும் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கான்கிரீட் கல் அந்த இனம் கிடையாது. சிமெண்ட் காயும்போது சுருங்கும், நனைந்தால் கொஞ்சம் விரியும், மறுபடி காய்ந்தால் மறுபடி சுருங்கும். கான்கிரீட் கல்லுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 2185 முதல் பாகம் (2005) இந்த உலர் சுருக்கம் 0.06 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. கேட்க அற்பமான எண். 5 மீட்டர் நீளச் சுவருக்குக் கணக்குப் போட்டால் 3 மில்லிமீட்டர். தரமான கல்லிலேயே அவ்வளவு இருக்கலாம்.

அந்த 3 மில்லிமீட்டர் பட்டறையிலேயே கழிந்துவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. சுவரில் ஏறிய பிறகு கழிந்தால்? இரண்டு பக்கமும் பில்லர் பிடித்துக்கொண்டிருக்கிறது, மேலே பீம், கீழே பீம். சுவர் உள்ளுக்குள் சுருங்க முடியாமல் எங்கே இளப்பமோ அங்கே கிழியும். ஜன்னல் மூலைதான் எப்போதும் இளப்பமான இடம். கல்லைவிடக் கலவை மெலிந்து இருந்தால் இணைப்பு வழியே படி படியாக இறங்கும். கலவை கல்லைவிடக் கெட்டியாக இருந்தால் கல்லையே பிளந்துகொண்டு நேராக இறங்கும். தெருவில் உள்ள வீட்டில் படி படியாக இருக்கிறது என்கிறீர்கள். அது பயப்பட வேண்டிய விரிசலாகத் தெரியவில்லை. ஒரு கோடைகாலம் முழுக்கக் கழிந்த பிறகு வாய் பிளந்து வெட்டி, பாலிமர் கலவை வைத்து அடைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். அகலம் வருஷா வருஷம் கூடிக்கொண்டே போனால் மட்டும் அஸ்திவாரத்தைச் சந்தேகப்பட வேண்டும்.

இதற்கு மருந்தும் அதே தரநிலையில் இருக்கிறது. கல் போட்டபின் குறைந்தது 14 நாள் தொடர்ந்து ஈரமாக வைத்திருக்க வேண்டும், அதற்குப் பிறகு 4 வாரம் உலரவிட்டுத்தான் சுவரில் வைக்க வேண்டும். ஆக மொத்தம் ஆறு வாரம். கட்டுமானத்துக்கான ஐஎஸ் 2572, கல்லை நனைக்க வேண்டியதில்லை என்றே சொல்கிறது. வெயில் கடுமையாக இருந்தால் மேல் பக்கத்தையும் ஓரங்களையும் லேசாக ஈரப்படுத்தலாம், அவ்வளவுதான்.

கரண்டி

புத்தகத்துல எழுதிடலாம் சார். சித்திரை வெயில்ல சாரத்துல நின்னு காஞ்ச கல்லு மேல கலவை போட்டுப் பாருங்க. கரண்டி எடுக்கிறதுக்குள்ள கலவை மாவாப் போயிடும். அடுத்த கல்லு எதுல ஒட்டும்?

தளப்பொறியாளர்

நியாயமான கேள்வி அண்ணே, இதை எந்த மேஸ்திரியும் கேட்பார். இரண்டு வேலை செய்யலாம். முதலில், கலவையை இரண்டு மூன்று கல் நீளத்துக்கு மேல் முன்கூட்டியே பரப்பாமல், பரப்பினதும் கல்லை வைத்துவிடுவது. இரண்டாவது, கலவைக்குள் தண்ணீர் தங்கும்படி செய்வது. எம்-சாண்ட் மட்டும் போட்ட கலவை சீக்கிரம் தண்ணீரைக் கக்கும், கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்தால் பிடித்துவைத்துக்கொள்ளும். பிரஷ்ஷால் மேல் பக்கம் ஒரு தடவு தடவிக்கொண்டால் போதும். தொட்டியில் முக்குவதுதான் கூடாது. கலவை 1:6 (ஒரு பங்கு சிமெண்ட், ஆறு பங்கு மணல்) தாண்டிக் கெட்டியாக வேண்டாம். "சிமெண்ட் கூடுதலாகப் போட்டால் பலம்" என்று 1:3 போடுகிறவர்கள் சுவரைக் கெடுக்கிறார்கள்.

கட்டி முடித்த சுவரிலும் ஹோஸ் பைப்பைப் பீய்ச்சி அடிக்க வேண்டாம். ஹாலோ கல்லின் ஓட்டைக்குள் தண்ணீர் இறங்கித் தேங்கினால் மாதக்கணக்கில் காயாது. இணைப்பில் ஈரம் காத்தாலே போதும்.

கல்பட்டறை

நாமக்கல் பக்கம் சின்ன பட்டறை வெச்சிருக்கேன். சார் சொன்ன ஆறு வாரக் கணக்கு எனக்கும் தெரியும், எங்களை மாதிரி பட்டறை வெச்சிருக்கிற எல்லாருக்கும் தெரியும். காலையில போன் வரும், "மதியத்துக்கு ரெண்டு லோடு வேணும்"பாங்க. கல்லு எப்போ போட்டதுன்னு கேக்குற ஆள் அபூர்வம். விலையில ஒரு ரூபா குறைக்கிறதுக்குத்தான் பேச்சு. ஆறு வாரச் சரக்கை அடுக்கி வைக்க இடம் வேணும், அவ்வளவு நாள் பணமும் முடங்கும். அதனால தண்ணிக்கு மூணு நாள், நாலாம் நாள் வண்டி ஏத்திடுவாங்க. மூணு நாள் சிமெண்ட்டுக்கு முழு பலத்துல பாதிகூட வந்திருக்காது. இறக்கும்போதே முனை உதிர்ற கல்லு அதுதான்.

என்கிட்ட கேட்டா ஒரே வழிதான். அஸ்திவாரம் தோண்டுற அன்னைக்கே கல்லுக்கு அட்வான்ஸ் கொடுத்துடுங்க. உங்க கல்லைத் தனியாப் போட்டு, தேதி எழுதி, ஒதுக்கி வெச்சிடுவோம். பீம் வேலை முடிஞ்சு நீங்க வர்றதுக்குள்ள கல்லு தயாரா இருக்கும். திருக்கோவிலூர் நண்பர் பிளிந்த் பீம் தாண்டிட்டார். அவர் இப்பவே கல்லை இறக்கி, சைட்டுலேயே பலகை மேல அடுக்கி, ஓட்டை படுக்கையா இருக்கிற மாதிரி வெச்சா காத்து உள்ளே புகுந்து போகும். மேல மட்டும் தார்ப்பாய். பக்கவாட்டில் மூடக் கூடாது. மூணு நாலு வாரம் சுவர் வேலையைத் தள்ளிப் போட்டு, அந்த நேரத்துல செப்டிக் டேங்க், காம்பவுண்டு அஸ்திவாரம்னு வேற வேலையைப் பார்க்கலாம்.

கல்லைச் சோதிக்க லேப் தேடிப் போகணும்னு இல்லை. நல்லாக் காஞ்ச கல்லு மூணு எடுத்து எடை போடுங்க. 6 இஞ்ச் கல்லு, அளவு முழுசா 16, 8, 6 இஞ்ச் இருந்தா, 19 கிலோவாவது இருக்கணும். அதுக்குக் கீழே போனா அது 'ஏ' கிரேடு அடர்த்தி இல்லை, கனமீட்டருக்கு 1500 கிலோ வராது. அப்புறம் அதே கல்லை ஒரு டிரம் தண்ணியில முழுசா முக்கி ஒரு நாள் விட்டு எடுங்க. மேல வழியிற தண்ணியைத் துணியால ஒத்திட்டு மறுபடி எடை போடுங்க. 20 கிலோ கல்லு 22 கிலோவுக்கு மேல காட்டினா கல்லு பஞ்சு, திருப்பி அனுப்பிடுங்க. பத்து சதவீதம்தான் எல்லை. உடைஞ்ச கல்லு ஒண்ணை எடுத்து உள் பக்கத்தையும் பாருங்க. கால் இஞ்ச் ஜல்லி சீராப் பரவியிருக்கணும். வெறும் கிரஷர் டஸ்ட் மட்டும் சாம்பலா தெரிஞ்சா ஜல்லியை ஏமாத்தியிருக்காங்கன்னு அர்த்தம்.

மெஷின் ஓடும்போது போய்ப் பார்த்தா இன்னும் நல்லது. நகர்ந்துக்கிட்டே தரையில கல்லை இறக்கிட்டுப் போறதை முட்டை போடுற மெஷின்னு சொல்லுவோம். கலவையைக் கையில அள்ளிப் பிடிச்சா உருண்டையா நிக்கணும், உள்ளங்கையில ஈரம் மினுங்கணும், ஆனா சொட்டக் கூடாது. தண்ணி கூடினா அச்சு எடுத்ததும் கல்லு வயிறு தள்ளிடும். குறைஞ்சா பார்க்க அழகா இருக்கும், உள்ளே ஒட்டியிருக்காது.

தடாகத்துக்காரி

கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். செங்கல் பக்கம் நின்று பேசும் அண்ணன்மாருக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் தடாகம் பள்ளத்தாக்கில் செம்மண்ணை எப்படித் தோண்டினார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் நாங்கள். வாழையும் சோளமும் விளைந்த பூமிக்குப் பக்கத்தில் பனைமர உயரத்துக்குப் பள்ளம். மலையோரம் யானை நடமாடும் வழி அது. வழக்கு உயர் நீதிமன்றம், பசுமைத் தீர்ப்பாயம் வரை போய், 2021-ல் சூளைகள் மூடப்பட்டன. மேல்மண் ஒரு தடவை போனால் நம் ஆயுளில் திரும்பாது. கான்கிரீட் கல்லுக்கும் கல்குவாரி வேண்டும், சிமெண்ட் ஆலைப் புகை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் "செங்கல் இயற்கை" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

எனக்கு இன்னொரு கேள்வி. மேற்குச் சுவர் பிளாக்கில் கட்டிய வீடுகளில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேலும் சுவர் கொதிக்கிறதே, அதற்கு என்ன செய்வது?

தளப்பொறியாளர்

உண்மைதான் அக்கா. கெட்டிக் கான்கிரீட், செங்கலைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வெப்பம் கடத்தும். ஹாலோ கல்லின் நடுவில் காற்று இருந்தாலும், இரண்டு முகத்தையும் இணைக்கும் நடுச்சட்டம் வழியே சூடு உள்ளே வந்துவிடும். மேற்கு, தென்மேற்குச் சுவரை மட்டும் 8 இஞ்ச் ஹாலோவாகக் கட்டி வெளியே வெளிர் நிறம் அடிக்கலாம். அல்லது அந்த ஒரு சுவரை மட்டும் ஏஏசி கல்லிலோ (உள்ளே காற்றுக் குமிழி நிறைந்த லேசான கான்கிரீட் கல்) செங்கலிலோ கட்டலாம். ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு இரண்டடி நீளட்டும். ஆனால் தரைத்தளம் மட்டும் உள்ள வீட்டுக்குச் சூடு பெரும்பாலும் மொட்டைமாடித் தளத்தின் வழியேதான் இறங்கும். சுருக்கி (செங்கல் தூளும் சுண்ணாம்பும் சேர்ந்த கலவை) போட்டு மேலே தட்டோடு பதித்த பழைய மெட்ராஸ் வீடுகள் ஏன் குளிர்ந்தன என்று பாருங்கள். சுவருக்காக அடித்துக்கொள்ளும் பணத்தில் பாதியைத் தளத்துக்குச் செலவிட்டால் நல்ல பலன் கிடைக்கும்.

ஏஏசி பற்றி யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். அது எடை குறைவு, சூட்டைத் தடுக்கும். ஆனால் தண்ணீரை நிறைய குடிக்கும், ஆணி பிடிக்காது, கட்டத் தனிக் கலவையும் பழகின கையும் வேண்டும். சிறிய ஊரில் ஒரே ஒரு வீட்டுக்கு அந்த ஆளைத் தேடுவது கஷ்டம்.

வடமராட்சியான்

எங்கட பக்கம் இந்தக் கேள்வியே எழும்பாது. யாழ்ப்பாணத்தில கல்வீடு எண்டால் இப்ப சீமெந்துக் கல்லுத்தான். முந்தின வீடுகள் சுண்ணாம்புக் கல்லால கட்டினவை. காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை 1950-ல தொடங்கினாப் பிறகு சனம் மெல்ல மெல்லச் சீமெந்துக்கு மாறினது. 1990-ல சண்டையோட தொழிற்சாலை நிண்டு போச்சுது. பிறகு வந்த பொருளாதாரத் தடையில சீமெந்தும் ஒண்டு. ஒரு பை சீமெந்துக்குச் சனம் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது.

எங்கட ஆக்கள் கல்லை வாங்கிறதை விட வளவுக்குள்ளயே அரிவிப்பினம். மண்ணும் சீமெந்தும் பறிச்சுப் போட்டு, அச்சோட ஆள் வந்து அரிஞ்சு குடுப்பார். மர நிழலுக்குக் கீழ அடுக்கி, சாக்குப் போட்டு, கிணத்துத் தண்ணி காலையும் பின்னேரமும் ஊத்துறது வீட்டு ஆக்கள்தான். காசு சேரச் சேரத்தான் வீடு எழும்பும், அதால கல்லு மாதக்கணக்கில வளவில காயும். மேல பொறியாளர் அண்ணை சொன்ன ஆறு கிழமை எங்களுக்குத் தானாகவே கிடைச்சிருக்குது. அவசரமில்லாமக் கட்டின அந்தச் சுவர்களில வெடிப்பு மிச்சம் குறைவு. இப்ப காசு ஒரேயடியா வந்து, மூண்டு மாசத்தில முடிக்கிற வீடுகளிலதான் கோடு கோடா ஓடுது.

இன்னுமொண்டு. 2016-ல வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்புப் பொருத்து வீடு எண்டு ஒரு திட்டம் வந்தது. ஆர்சிலர் மிட்டல் கொம்பனி. ஒரு வீடு ஏறக்குறைய 21 இலட்சம் இலங்கை ரூபா எண்டு கணக்கு. அதுக்கு முன்னம் இந்திய வீட்டுத்திட்டத்தில ஐந்தரை இலட்சம் ரூபா பகுதி பகுதியாத் தந்து, பயனாளியே நிண்டு கல்வீடு கட்டினவர். சனம் ரெண்டையும் பக்கத்தில வைச்சுப் பாத்தது. அந்த வெக்கைக்கும் உப்புக் காத்துக்கும் தகரச் சுவர் எத்தினை வரியத்துக்கு நிக்கும், பழுதானா ஊர் மேசன் திருத்துவாரா, பிள்ளையள் பெருத்தா ஒரு அறை கூட்டிக் கட்டேலுமா எண்டு கேட்டது. கல்வீடுதான் வேணும் எண்டு ஊர் ஊராச் சொன்னவை. கடைசியில அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அரிஞ்ச கூலியும் கட்டின கூலியும் ஊருக்குள்ளயே நிண்டது எண்டதையும் சேத்துப் பாக்க வேணும். சீமெந்துக் கல்லைக் குறைச்சுச் சொல்லுற ஆக்கள் இதை யோசிக்க வேணும் எண்டு மனதாரக் கேட்கிறன்.

கரண்டி

வடமராட்சி அண்ணன் சொன்னதை எங்கப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். அவர் வேலை பார்த்த காலத்துலயும் காம்பவுண்டு சுவருக்குக் கல்லு கைஅச்சுல போட்டு மாசக்கணக்குல காயப் போடுவாங்களாம். அந்தச் சுவர் சில இடத்துல இன்னைக்கும் நிக்குது, உண்மை.

டப்ளின் மழை

அயர்லாந்தில் இருக்கிறேன். கல்லின் வயதைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டீர்கள். கல்லுக்குள் என்ன ஜல்லி போகிறது என்பதையும் விட்டுவிடாதீர்கள். இங்கே டொனகல், மேயோ மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான வீடுகளின் கான்கிரீட் கல் உள்ளுக்குள்ளேயே உதிர்ந்துகொண்டிருக்கிறது. வெளியே முதலில் சிலந்தி வலை மாதிரி விரிசல், பிறகு பூச்சு கழன்று, உள்ளே இருக்கும் கல் விரலால் தோண்டினாலே மணலாகக் கொட்டுகிறது. அரசு அமைத்த வல்லுநர் குழு 2017-ல் வந்த அறிக்கையில், டொனகலில் ஜல்லியில் அளவுக்கு மீறி இருந்த மைக்காவையும் மேயோவில் பைரைட்டையும் காரணமாகக் காட்டியது. பிறகு வந்த ஆய்வுகள் பைரோடைட் என்னும் இரும்பு சல்பைடு கனிமத்தைச் சுட்டுகின்றன. ஈரமும் காற்றும் பட்டு அது மாறும்போது சிமெண்டையே உள்ளிருந்து தின்றுவிடுகிறதாம். கடன் வாங்கிக் கட்டிய வீட்டை இடித்துவிட்டு மறுபடி கட்டும் குடும்பங்கள் இருக்கின்றன. அரசு நிதி தருகிறது, ஆனாலும் அந்த வேதனை தீரவில்லை.

நம் ஊர் ஜல்லி பெரும்பாலும் சார்னோகைட், கிரானைட் வகைப் பாறையிலிருந்து வருவதால் இதே நோய் வரும் என்று பயமுறுத்த மாட்டேன். ஆனால் குவாரிக் கழிவு எதுவானாலும் கல்லில் போடலாம் என்ற பழக்கத்துக்கு இந்த ஊர் ஒரு எச்சரிக்கை. பட்டறையில் ஜல்லி எந்தக் குவாரி என்று கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

திருக்கோவிலூரான்

எல்லாருக்கும் நன்றி. கல்பட்டறை அண்ணன் சொன்ன டிரம் சோதனையை அப்பாவையும் கூட வெச்சே செய்யப் போறோம். சுவருக்கும் பில்லருக்கும் நடுவுல வர்ற செங்குத்துக் கோட்டுக்கு என்ன செய்யணும்? வாஷ்பேசின், டிவி, கதவு நிலை எல்லாம் ஓட்டைக் கல்லுல எப்படி நிக்கும்?

தளப்பொறியாளர்

பில்லர் இணைப்பை மட்டும் சொல்கிறேன், மற்றதைக் கரண்டி அண்ணன் சொன்னால் நன்றாக இருக்கும். பில்லர் முகத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்குங்கள். இரண்டு மூன்று வரிக்கு ஒருமுறை பில்லரில் துளையிட்டு 6 மி.மீ. கம்பி நீட்டி, கல் வரிசைக்குள் படுக்க வையுங்கள். ஜன்னல் அடிமட்டத்தில் சுவர் முழு நீளத்துக்கும் இரண்டு கம்பி ஓடும் 3 இஞ்ச் கான்கிரீட் பட்டை போடுங்கள். ஜன்னல் மூலை விரிசலைப் பிடித்து நிறுத்துவது அதுதான். ஒரே நாளில் நாலடிக்கு மேல் சுவரை ஏற்ற வேண்டாம். மேல் பீமுக்கு அடியில் வரும் கடைசி இணைப்பை உடனே அடைக்காமல், சுவர் அமர ஒரு வாரமாவது விட்டு அடைக்கவும். பூச்சுக்கு முன் பில்லரும் சுவரும் சேரும் கோட்டின் மேல் இரண்டு பக்கமும் அரையடி வரும்படி கோழிவலை அடித்துவிட்டுப் பூசுங்கள். பூச்சுக்குப் பிறகு அடித்தால் பயனில்லை.

கரண்டி

நிலை வைக்கிற இடத்துல ரெண்டு பக்கமும் ஓட்டைக் கல்லை வெறுமனே விடாதீங்க தம்பி. ஹோல்ட்ஃபாஸ்ட் (நிலையைச் சுவரோட பிடிச்சு நிறுத்துற இரும்புப் பட்டை) வர்ற மூணு இடத்துலயும் ஓட்டைக்குள்ள அடியில பேப்பரோ சாக்கோ திணிச்சுட்டு, சின்ன ஜல்லி கான்கிரீட்டைக் குத்திக் குத்தி நிரப்பணும். இல்லைன்னா கதவை நாலு தடவை வேகமாச் சாத்தினாலே நிலை ஆடும். வாஷ்பேசின், கீசர், டிவி வர்ற உயரத்தை இப்பவே சுவர்ல குறிச்சுக்கிட்டு, அந்த வரிக்கு மட்டும் ஓட்டை இல்லாத சாலிட் கல்லை வாங்கி வெச்சுக் கட்டிடுங்க. எலக்ட்ரீஷியனுக்கும் சொல்லிடுங்க, பைப்புக்குச் சுவரைப் படுக்கையா வெட்டக் கூடாது, மெஷின் போட்டு செங்குத்தா மட்டும்தான் வெட்டணும். சுத்தியலால அடிச்சு உடைச்சா கல்லோட முகம் பெயர்ந்து கையோட வந்துடும்.

சமையல்கட்டுல மேல் அலமாரி தொங்கவிடுற சுவரும் அப்படித்தான். அந்த மூணு வரியும் சாலிட். ஆறு இஞ்ச் சாலிட் கல்லு ஒண்ணு 25 கிலோவுக்கு மேல வரும், சித்தாள் பெண்கள் தலையில ஏத்தி அனுப்பாதீங்க, ரெண்டு பேரா சேர்ந்து தூக்கட்டும்.